மெலிந்த தகடும் மிகுந்த பயனும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சூரிய மின்பலகைகளைப் பற்றிய துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கும் பணி என்பால் வந்தது. பலகையின் பயனுறு திறன் 20 சதவீதம் என்று மூலத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அச்சிடும் இடம் குறுகியிருந்தமையால், "பயனுறு" என்னும் அடையை நீக்கி, "பலகையின் திறன் 20 சதவீதம்" என்று சுருக்கி எழுதிவிட்டேன். வெளியீடு அச்சாகிப் பல ஊர்களுக்கும் சென்றது. சில வாரங்களில் ஓர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. "ஐயா, எங்கள் பள்ளிக் கூரையில் அமைத்துள்ள பலகை நூற்றுக்கு இருபது பங்கே வேலை செய்யும் என்று தங்கள் வெளியீடு கூறுகிறது. நூற்றுக்கு இருபது மதிப்பெண் பெறும் மாணவனை நாங்கள் தேர்ச்சி பெறாதவன் என்போம். பழுதுபட்ட பலகையையா நம் பள்ளிக்கு அளித்தார்கள் என்று ஊரார் கேட்கின்றனர். யான் யாது விடையளிப்பது?" என்பது அதன் வாசகம்.

அட்டையைப் படித்ததும் நாணினேன். கல்லூரியில் பௌதிகம் பயின்றவனாகிய நான் செய்த பிழை அது. "திறன்" என்பது ஒரு வினாடியில் ஆகும் வேலையின் அளவு. "பயனுறு திறன்" என்பது வந்த சக்தியில் பயன்பட்ட பங்கு எவ்வளவு என்னும் விகிதம். முன்னதை வாட்டில் அளக்கிறோம். பின்னதற்கு அலகே கிடையாது. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் குறித்தமையால் ஓர் ஊர் முழுவதும் ஐயுற நேர்ந்தது.

பின்னர்க் களப்பணியாளர்கள் சிலருடன் உரையாடியபோது மற்றொரு கருத்தும் நாட்டில் பரவியிருத்தலை அறிந்தேன். "முன்னாளில் வந்த பலகைகளில் தகடு கனமாக இருந்தது, இப்போது வருவதில் தகடு மெலிந்துவிட்டது, பொருளைக் குறைத்து நம்மை ஏய்க்கிறார்கள்" என்பது அது. நம் மொழியில் மெலிவு என்பது நலிவுடன் சேர்ந்தே வழங்கும் சொல். ஆதலின் இவ்வையம் எளிதில் வேரூன்றிவிட்டது.

இவ்விரு கருத்துகளில் முதலாவது முற்றிலும் தவறு. இரண்டாவது பெரும்பாலும் தவறு. ஆயினும் அதனுள் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. அதனை நாம் புறக்கணித்தல் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூற்றுக்கு இருபது குறைவா?

தெளிந்த வானத்தில் உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் சூரிய ஒளியின் திறன் ஏறத்தாழ 1000 வாட். அதில் 200 வாட்டை மின்சாரமாக்கித் தரும் பலகையின் பயனுறு திறன் 20 சதவீதம். எஞ்சிய 800 வாட் எங்கே போயிற்று என்று மாணவர் கேட்பாராயின், அது சரியான கேள்வியே ஆகும்.

ஒளியால் மின்னோட்டம் பிறத்தலை 1839-ல் பிரெஞ்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1883-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஃப்ரிட்ஸ் செலினியத்தைக் கொண்டு ஒரு கலம் செய்தார். அதன் பயனுறு திறன் 1 சதவீத அளவே இருந்தது. 1954-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கன் கலத்தை உலகுக்கு அறிவித்தனர். அது ஏறத்தாழ 6 சதவீதம் தந்தது. 1958-ல் வான்கார்டு என்னும் செயற்கைத் துணைக்கோள் இத்தகைய கலங்களைச் சுமந்து விண்ணிற் சென்றது. நம் நாட்டில் சாகிபாபாத்திலுள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம் 1977-ல் முதல் சூரிய மின்கலத்தை உருவாக்கியது.

இவ்வளர்ச்சிக்கு இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு. 1961-ல் ஷாக்லி, குவைசர் என்னும் இருவர் அதனைக் கணக்கிட்டுக் காட்டினர். சூரிய ஒளி பல நிறங்களின் கலவை. ஒவ்வொரு நிறத்தின் ஒளித்துகளும் வெவ்வேறு அளவான சக்தியைச் சுமந்து வருகிறது. சிலிக்கனில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்க ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி வேண்டும். அதற்குக் குறைந்த சக்தியுடைய ஒளித்துகள் எலெக்ட்ரானை விடுவிக்க இயலாது சிலிக்கனை ஊடுருவிச் சென்றுவிடும். மிகுந்த சக்தியுடைய துகளோ எலெக்ட்ரானை விடுவித்தபின் எஞ்சியதை வெப்பமாக இழந்துவிடும். ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்து ரூபாய்க்குக் குறைந்த காசை ஏற்காமலும், நூறு ரூபாய் நீட்டினால் மீதிச் சில்லறை தராமலும் இருக்கும் நடத்துநரைப் போன்றது சிலிக்கன். இவ்விழப்புகளையும் தவிர்க்க இயலாத பிறவற்றையும் கழித்தால், ஒரே பொருளாலான கலம் எதுவும் சாதாரண வெயிலில் 33 சதவீத அளவைக் கடவாது. சிலிக்கனுக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 29 சதவீதம்.

ஆகவே ஆசிரிய நண்பரின் மதிப்பெண் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். இத்தேர்வின் முழு மதிப்பெண் நூறன்று, இருபத்தொன்பது. ஆய்வுக்கூடத்திற் செய்த சிறந்த சிலிக்கன் கலங்கள் 27 சதவீதத்தைக் கடந்துள்ளன. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல பலகைகள் 20 முதல் 23 சதவீதம் வரை தருகின்றன. இருபத்தொன்பதுக்கு இருபத்திரண்டு பெறும் மாணவனை யாரும் தேர்ச்சி பெறாதவன் என்று கூறார்.

தகடு மெலிந்த வரலாறு

சிலிக்கன் மணலில் நிறைந்துள்ளது. பின் ஏன் அதனைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று சிலர் வினவுவர். மணலில் உள்ள சிலிக்கன் ஆக்ஸிஜனுடன் இறுகப் பிணைந்தது. படிகக் கல்லைக் கரியுடன் சேர்த்து மின்வில் உலையில் மிகக் கடுமையாகச் சூடேற்றினாலன்றி அது பிரியாது. அவ்வாறு பிரிந்ததும் மின்கலத்திற்கு ஏற்றதன்று. அதனை வாயு நிலைக்கு மாற்றி, வடித்துத் தூய்மை செய்து, மீண்டும் திண்மமாக்க வேண்டும். பின்னர் 1414 டிகிரி வெப்பத்தில் உருக்கி, ஒரே படிகமாக மெல்ல மெல்ல மேலிழுத்துத் தூணாக்க வேண்டும். தூணை மெல்லிய தகடுகளாக அறுத்தல் வேண்டும். படிதோறும் மின்சாரம் பேரளவில் செலவாகிறது. எனவே சிலிக்கன் தகட்டின் விலை மணலின் விலையன்று. அதில் அடங்கிய உழைப்பின், எரிபொருளின் விலையாகும்.

நம் நாட்டுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. சூரியப் பலகை உற்பத்தியின் எல்லாப் படிகளிலும் சீன நாட்டின் பங்கு 80 சதவீதத்திற்கு மேற்பட்டது எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை 2022-ல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. தூய சிலிக்கனிலும் தகட்டிலும் நாம் பிற நாட்டையே பெரிதும் நம்பியிருந்தோம். 2025-ன் தொடக்கத்தில் இந்தியாவில் நிறுவப்பட்ட சூரிய மின்திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. இவ்வளவு திறனுக்கு, வாட்டுக்கு ஒரு கிராம் சிலிக்கனை மிச்சப்படுத்தினால், மொத்தத்தில் ஒரு லட்சம் மெட்ரிக் டன் மிச்சமாகும். ஒரு கிராமை அற்பம் என்று தள்ளுதல் இயலாது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தகடுகளின் கனம் 300 மைக்ரான் அளவில் இருந்தது. மைக்ரான் என்பது மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பின்னர் அது 180 மைக்ரானாயிற்று. இன்று 130 முதல் 150 மைக்ரான் வரை உள்ள தகடுகள் பெருவழக்காகிவிட்டன. எழுதும் தாள் இரண்டின் கனத்திற்கும் இது குறைவு. அறுக்கும் முறையும் மாறிற்று. முன்னர் எஃகுக் கம்பியையும் தேய்ப்புத் துகள் கலந்த குழம்பையும் கொண்டு அறுத்தனர். ஒரு தகட்டை எடுக்க ஏறத்தாழ மற்றொரு தகட்டின் அளவு சிலிக்கன் தூளாகி வீணாயிற்று. மரவாடியில் அறுப்பவர் மரத்தூளைக் கண்டு வருந்துவது போன்ற வருத்தமே இது. இப்போது வைரத்துகள் பதித்த நுண்ணிய கம்பியால் அறுப்பதால் வீணாகும் அளவு பெரிதும் குறைந்துவிட்டது. இவை யாவும் சேர்ந்து, 2004 அளவில் வாட்டுக்கு ஏறத்தாழ 16 கிராமாக இருந்த சிலிக்கன் செலவை இன்று 2, 3 கிராம் அளவுக்கு இறக்கியுள்ளன.

மெலிந்தும் குறையாத பயன்

தகடு மெலிந்தால் ஒளி ஊடுருவிப் போய்விடாதா? இக்கேள்வி நியாயமானது. நீல ஒளி சிலிக்கனில் ஒரு மைக்ரான் ஆழத்திற்குள்ளேயே உட்கொள்ளப்படும். ஆயினும் சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களுக்கு நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட ஆழம் தேவை. மெலிந்த தகட்டில் இவை முழுவதும் உட்கொள்ளப்படுமுன் மறுபுறம் வெளியேறிவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, தகட்டைக் கனமாக்காமல் ஒளியின் பாதையை நீளமாக்குவதாகும். தகட்டின் மேற்பரப்பைக் காரத்தில் அரித்து, நுண்ணிய கூம்புகள் நிறைந்ததாகச் செய்கின்றனர். பளபளப்பான சிலிக்கன் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கூம்புகள் உள்ள பரப்பிலோ, ஒரு கூம்பிற் பட்டுத் திரும்பும் ஒளி அடுத்த கூம்பிற் பட்டு உட்புகும். அதன்மேல் பூசும் சிலிக்கன் நைட்ரைடுப் படலம் பிரதிபலிப்பை மேலும் குறைக்கிறது. பலகைக்குக் கருநீல நிறத்தைத் தருவதும் அதுவே. உட்புகுந்த ஒளி சாய்ந்து செல்வதால் அதன் பாதை நீள்கிறது. பின்புறத்திலுள்ள கண்ணாடி போன்ற பரப்பு அதனைத் திருப்பி மேலே அனுப்புகிறது. இங்ஙனம் ஒளி தகட்டினுள்ளேயே பன்முறை அலைகிறது. இம்முறையில் பாதையை ஏறத்தாழ ஐம்பது மடங்கு வரை நீட்டலாம் என்று 1982-ல் யாப்லோனோவிச் என்பார் கணக்கிட்டுக் காட்டினார்.

இதனினும் வியப்பானது மற்றொன்று. ஒளியால் விடுபட்ட எலெக்ட்ரான் மின்வாயை அடையுமுன் வழியில் மீண்டும் சிறைப்படுதல் உண்டு. நீண்ட வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடை சேருமுன் கசிந்து போவது போன்றது இது. வாய்க்கால் குறுகினால் கசிவும் குறையும். அவ்வாறே தகடு மெலிந்தால் எலெக்ட்ரான் கடக்கும் வழி குறுகி, இடையில் இழப்பு குறைகிறது. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. தகட்டின் இரு புறப்பரப்புகளிலும், இணை தேடித் திறந்து நிற்கும் அணுப் பிணைப்புகள் எலெக்ட்ரான்களைப் பற்றி விழுங்கும் பொறிகளாகும். தகடு மெலிய மெலிய இப்பரப்புகளின் தீங்கு மேலோங்கும். ஆதலின் அவற்றை மெல்லிய படலங்களால் மூடி அடக்குதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் என்பாரின் குழுவினர் 1980-களில் இத்துறையில் செய்த ஆராய்ச்சியே, பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய கலவகைக்கு வித்தாயிற்று. இவ்வாறு பரப்பு அடக்கப்பட்ட மெல்லிய கலம், அடக்கப்படாத கனத்த கலத்தைவிட மிகுந்த மின்னழுத்தம் தரவல்லது.

ஆகவே, தகட்டை மெலிவித்தவர் பலகையை நலிவித்தார் என்பது உண்மையன்று. முறையாகச் செய்தால், பொருள் குறைவதும் பயன் மிகுவதும் ஒருங்கே நிகழும்.

கரும்பலகையிற் போட வேண்டிய கணக்கு

ஆசிரியர்கள் இதனைக் கணக்காகப் போட்டுக் காட்டினால் மாணவர் மனத்தில் நன்கு பதியும். சிலிக்கனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 300 மைக்ரான் கனமும் உள்ள தகட்டின் கன அளவு 300 கன சென்டிமீட்டர்; எடை ஏறத்தாழ 700 கிராம். பயனுறு திறன் 15 சதவீதமானால் அது 150 வாட் தரும். வாட்டுக்கு 4.7 கிராம் ஆகிறது. கனம் 150 மைக்ரானாகவும் பயனுறு திறன் 22 சதவீதமாகவும் இருப்பின், எடை 350 கிராம், திறன் 220 வாட், வாட்டுக்கு 1.6 கிராம். கனம் பாதியாயிற்று, ஆனால் வாட்டுக்கு ஆகும் சிலிக்கனோ மூன்றில் ஒரு பங்காயிற்று. மிகுதியான சிக்கனத்தைத் தந்தது பயனுறு திறனின் உயர்வு.

இக்கணக்கை இன்னும் ஒரு படி நீட்டுதல் நன்று. பலகையில் எடை மிகுந்த பொருள் சிலிக்கன் அன்று, கண்ணாடி. 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோகிராம் இருக்கும். ஒரு கிலோவாட் திறன் பெற, 15 சதவீதப் பலகையானால் 6.7 சதுர மீட்டர் வேண்டும். கண்ணாடி 53 கிலோகிராம். 22 சதவீதமானால் 4.5 சதுர மீட்டர் போதும்; கண்ணாடி 36 கிலோகிராம். அலுமினியச் சட்டம், எஃகுத் தாங்கி, செப்புக் கம்பி, நிலம் யாவும் இவ்விகிதத்தையொட்டியே குறையும். தகட்டை மெலிவித்தால் சிலிக்கன் ஒன்றே மிச்சமாகும். பயனுறு திறனை உயர்த்தினாலோ எல்லாப் பொருளும் மிச்சமாகும். பொருட்சிக்கனத்தில் நாட்டம் உள்ளவர் முதலில் நாட வேண்டியது பயனுறு திறனையே என்பது என் கருத்து.

மெலிவின் எல்லை

இதுவரை கூறியவை தொழிற்சாலையின் கணக்கு. களத்தின் கணக்கு வேறு. களப்பணியாளர்களின் ஐயத்தில் அடங்கிய உண்மையை இனிக் காண்போம்.

முதலாவது, முறிவு. மெலிந்த தகடு எளிதில் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத இவ்விரிசல்கள் நாளடைவில் வளர்ந்து, கலத்தின் ஒரு பகுதியை மின்வாயினின்றும் பிரித்துவிடும். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2010 முதல் இயங்கும் தேசிய ஒளிமின் ஆராய்ச்சி மையம் நாடெங்கும் பலகைகளை நேரிற் சோதித்துப் பலமுறை கணிப்பெடுத்துள்ளது. வெப்பம் மிகுந்த வட்டாரங்களில் பலகைகள் விரைவில் தேய்கின்றன என்றும், கூரைகளில் அமைந்த சிறு அமைப்புகள் பெரிய நிலையங்களைவிட மிகுதியாகத் தேய்கின்றன என்றும் அக்கணிப்புகள் காட்டின. பலகையின்மேல் ஏறி நடப்பதும், மேடு பள்ளமான சாலையில் வண்டியில் தளர்வாக அடுக்கிக் கொண்டு செல்வதும், கயிறு கட்டி இழுத்துக் கூரையேற்றுவதும் விரிசலுக்கு வழி செய்யும். ஆய்வுக்கூடத்தில் பத்து ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பயனை ஒரு மிதியால் இழந்துவிடக் கூடும்.

இரண்டாவது, வெப்பம். பலகையின் மீது அச்சிட்ட திறன், கலம் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்ததாகும். நம் கோடையில் கலத்தின் வெப்பம் 65 டிகிரியை எட்டும். பழைய வகைக் கலங்கள் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் இழந்தன. 40 டிகிரி உயர்வுக்கு 16 சதவீதம் குறையும். புதிய வகைகளில் இவ்விழப்பு 0.3 சதவீதமும் அதற்குக் கீழும் ஆகும். அவற்றில் 12 சதவீதமோ அதனினும் குறைவோ போகும். இராஜஸ்தானத்துப் பாலைக்கும் தக்காணத்துக் கரிசல் நிலத்துக்கும் பலகை வாங்குவோர், அச்சிட்ட பயனுறு திறனைக் காட்டிலும் இவ்வெண்ணையே முதலில் கேட்க வேண்டும். கேட்பவர் மிகச் சிலர்.

மூன்றாவது, ஒரு பொருளைக் குறைக்க மற்றொரு பொருள் மிகுதல். கலத்தின் முகத்தில் மின்னோட்டத்தைத் திரட்டும் நுண்ணிய கோடுகள் வெள்ளியால் ஆனவை. பயனுறு திறன் மிகுந்த புதிய கலங்களிற் சில, பழையவற்றைவிட மிகுதியாக வெள்ளியை வேண்டின. ஒவ்வொரு கலத்திலும் வெள்ளியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தும், 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகின் வெள்ளித் தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சூரியக் கலங்களுக்கே சென்றது. வெள்ளிக்கு மாற்றாகச் செம்பைப் பயன்படுத்தும் முயற்சி நடந்து வருகிறது. சிலிக்கனை மிச்சம் பிடித்து வெள்ளியிற் செலவிடுதல் முழுச் சிக்கனம் ஆகாது.

இவை மூன்றையும் அளக்கும் ஒரே கோல் ஆயுள். நல்ல பலகைக்கு 25 ஆண்டு உறுதி கூறப்படுகிறது. வாட்டுக்கு 1.6 கிராம் சிலிக்கன் கொண்டு 25 ஆண்டு உழைக்கும் பலகையில், ஒரு வாட் ஓராண்டு உழைக்க ஆகும் சிலிக்கன் 0.064 கிராம். தகட்டை மேலும் மெலிவித்து 1.4 கிராமாக்கி, அதனால் ஆயுள் 15 ஆண்டாகக் குறையுமாயின், அவ்வளவு 0.093 கிராமாக உயர்கிறது. மிச்சம் பிடித்ததாக எண்ணியவர் உண்மையில் மிகுதியாகச் செலவிட்டவர் ஆவார். கண்ணாடியும் சட்டமும் இதே போன்று வீணாகும். குப்பையும் பெருகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் சூரியப் பலகைகளையும் உள்ளடக்கியுள்ளன என்பதைக் களப்பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நாளைய கலங்கள்

சிலிக்கனை அறவே விட்டு, சில மைக்ரான் கனமுள்ள படலங்களால் ஆன கலங்களும் உள்ளன. காட்மியம் டெல்லுரைடு என்னும் சேர்மத்தின் படலம் மூன்று மைக்ரான் அளவே இருப்பினும் ஒளியை நன்கு உட்கொள்ளும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2024-ல் திறக்கப்பட்ட தொழிற்சாலை ஒன்று இவ்வகைப் பலகைகளைச் செய்கிறது. ஆயின் டெல்லுரியம் அரிய தனிமம், காட்மியம் நச்சுடையது, பழைய பலகைகளைத் திரும்பப் பெறுதல் இங்கு இன்றியமையாதது.

பெராவ்ஸ்கைட் என்னும் படிக அமைப்புடைய சேர்மங்கள் மற்றொரு வகை. 2009-ல் ஜப்பானில் மியாசாகாவின் குழுவினர் இதனைக் கொண்டு 3.8 சதவீதம் பெற்றனர். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலம் போதுமானது. இதனைச் சிலிக்கன்மீது படியவைத்தால், மேற்படலம் நீல, பச்சைக் கதிர்களையும் கீழுள்ள சிலிக்கன் சிவப்புக் கதிர்களையும் பங்கிட்டுக் கொள்ளும். சில்லறை தராத நடத்துநருக்குத் துணையாக மற்றொருவர் வந்தாற் போன்றது இது. இவ்விரட்டைக் கலம் 2024-ல் ஆய்வுக்கூடத்தில் 34.6 சதவீதம் தந்தது. அஃதாவது தனிக் கலத்தின் எல்லையையே கடந்துவிட்டது. இது மகிழத்தக்க செய்தி. ஆயினும் இச்சேர்மம் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதையும். அதில் ஈயமும் உண்டு. விரலளவுள்ள ஆய்வுக்கூடக் கலத்தின் எண்ணைக் கொண்டு உழவரிடம் பலகை விற்க முயல்பவரை நாம் ஊக்குவித்தல் ஆகாது. நம் மழையிலும் கோடையிலும் பல ஆண்டுகள் நின்று காட்டட்டும், பின்னர் வரவேற்போம்.

செய்யத்தக்கன

பல கொள்முதல்களில் ஒரு வாட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதே முடிவான கேள்வியாக இருந்து வருகிறது. இவ்வழக்கம் மாற வேண்டும் என்பது என் துணிபு. வாட்டின் விலையுடன் வெப்ப இழப்பு எண், உறுதி கூறிய ஆயுள், விரிசற் சோதனையின் முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்து மதிப்பிடுதல் வேண்டும். விலை சிறிது மிகினும் ஆயுள் நீண்டதே நாட்டுக்குச் சிக்கனம். ஏழை உழவரின் நீர் இறைக்கும் பம்பும் கிராமப் பள்ளியின் விளக்கும் பத்தாம் ஆண்டில் நின்றுவிட்டால், மீண்டும் பலகை வாங்கப் பணம் எவரிடம் உள்ளது?

களப்பணியாளர்கள் ஒவ்வோர் அமைப்புக்கும் ஓர் ஏடு வைத்து, நிறுவிய நாளில் தந்த மின்சக்தியையும் ஆண்டுதோறும் தருவதையும் குறித்து வருதல் நன்று. பலகை இறக்கும்போது அருகில் நின்று, அதன்மேல் எவரும் மிதியாமற் பார்த்துக்கொள்ளுதல் அவர்தம் கடமை. தூசியைத் துடைத்தலும் அத்தகையதே. 20 சதவீதத்தை 21 ஆக்க விஞ்ஞானிகள் படும் பாடு பெரிது. வறண்ட வட்டாரத்தில் சில வாரங்கள் துடையாது விட்டால் அவ்வளவும் மண்ணாகப் படிந்து மறைந்துவிடும்.

ஆசிரியர்கள் மேலே கண்ட கணக்குகளை மாணவரைக் கொண்டே போடச் செய்யலாம். பொருளைக் குறைத்தல் ஏமாற்று அன்று. அறிவைக் கொண்டு பொருளை ஈடு செய்தல் என்பதை இளமையிலேயே உணர்த்துதல் வேண்டும். அறிவின்றிப் பொருளைக் குறைப்பதே ஏமாற்று.

எம்மனோராகிய மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு கடமை உண்டு. சொல்லிலும் சிக்கனம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் பொருளைத் தாங்கும் சொல்லை மிச்சம் பிடித்தால், மெலியக் கூடாத இடத்தில் தகட்டை மெலிவித்த குற்றமே நம்மைச் சாரும். நான் நீக்கிய ஒரு சொல்லால் ஓர் ஊர் தன் பலகையை ஐயுற்றது.

அவ்வாசிரியருக்கு அன்றே மறுமொழி எழுதினேன். பலகையில் பழுதில்லை, பழுது என் மொழிபெயர்ப்பில் என்று ஒப்புக்கொண்டு, இருபத்தொன்பதுக்கு இருபது என்னும் கணக்கையும் விளக்கினேன். சில நாட்களில் இரண்டாவது அட்டை வந்தது. கணக்கைக் கரும்பலகையில் எழுதி ஊராரை அழைத்துக் காட்டியதாகவும், ஒரு முதியவர் மட்டும் மற்றொரு கேள்வி கேட்டதாகவும் அதில் கண்டிருந்தது: "எல்லாம் சரி, இது எத்தனை ஆண்டு உழைக்கும்?" இக்கட்டுரை முழுவதிலும் நான் கூற முயன்றதை அப்பெரியவர் ஒரு கேள்வியிற் கேட்டுவிட்டார். பலகை வாங்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் அக்கேள்வி முதற் கேள்வியாக ஒலித்தல் வேண்டும்.